கோட்டை அழித்த அண்ணாச்சி

ஒன்றியச் செயலாளர் குலசேகரனை யாராவது முட்டாள் என்று சொன்னால், அவருடைய தொண்டர்கள் தங்கமுடியும் சூசையும் கையை ஓங்கிக்கொண்டு வருவார்கள். யாரை அடிப்பது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து ஒத்துவராது.

அன்று கட்சித் தலைவர் கோவில்பட்டிக்கு வருகிறார். வரவேற்பில் அவர் கண்ணில் படுகிறவனுக்குத்தான் சட்டமன்றச் சீட்டு என்று பேச்சு. தலை நரைத்து, சாயம் பூசி, அந்தச் சாயமும் வெளுக்கிற அளவுக்குச் சீட்டுக்காகக் காத்திருந்தவர் குலசேகரன் அண்ணாச்சி. மூவரும் காரில் கிளம்பினார்கள்.

பாதி வழியில் கார் குளிர்சுரம் கண்டதுபோல் உதறியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

“மஞ்சள் மங்களம் அண்ணாச்சி. சீட்டு உறுதி,” என்றான் சூசை.

“மங்களம்னா ஏன்டே உதறுது?”

“சந்தோஷத்துல.”

அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டி மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

“டிக்கியில நான் விட்டுட்டுப்போன ஸ்கேனர் கிடக்கு. அதை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டுங்க. கோடு ஒண்ணு காட்டும், என்ன கோளாறுன்னு அதுவே சொல்லும். அதைச் சரிபண்ணி, கோட்டை அழிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க,” என்று சொல்லி மெக்கானிக் போனை வைத்துவிட்டார்.

மாட்டினார்கள். ‘பி 0303: மூன்றாம் சிலிண்டர் எரியவில்லை’ என்று கோளாறுக் குறியீட்டைத் தமிழிலேயே எழுதிக் காட்டியது ஸ்கேனர்.

அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். “நம்ம வீட்டுல இருக்கதே ரெண்டு சிலிண்டர்தான். மூணாவது எப்படி எரியும்?”

“அதானே கோளாறு,” என்றான் தங்கமுடி.

எதிரே ஒரு டீக்கடை. கட்சி நிதி என்று சொல்லி அங்கிருந்த கேஸ் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஏன் என்று கேட்டால் கடையும் நிதியாகிவிடும் என்று டீக்கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. சூசை அதைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டும் மாட்டிவிட்டான். அப்புறமும் கார் உதறியது.

“கோட்டை அழிக்கச் சொன்னாருல்லா,” என்றான் தங்கமுடி.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. “கோட்டையைப் பிடிக்கத்தான்டே கட்சியே நடத்துறோம். அதை அழிச்சிட்டா நான் மந்திரியாகி எங்கே உட்காருறது?”

“கோட்டையை இல்ல அண்ணாச்சி, கோட்டை,” என்றான் சூசை. “இந்தா, ரோட்டு நடுவுல வெள்ளையா ஓடுது பாருங்க. இந்தக் கோடு.”

சுவரெழுத்துக்கு வைத்திருந்த கறுப்புப் பெயிண்ட் வாளி டிக்கியில் இருந்தது. மூவரும் குனிந்த தலை நிமிராமல் பாலம் வரைக்கும் அழித்தார்கள். அண்ணாச்சியின் வெள்ளை வேட்டி பாதியிலேயே கட்சி மாறிவிட்டது. திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால், கார் முன்னைவிட உதறியது.

அதற்குள் கோடு தெரியாத லாரிகள் ரோட்டில் முகத்துக்கு முகம் வந்து நின்றுவிட்டன. அந்த நெரிசலில் வந்து மாட்டியது தலைவரின் கார். கண்ணாடி இறங்கியது.

“என்னய்யா நடக்குது இங்கே?”

அண்ணாச்சி ஓடிப்போய் இடுப்பு ஒடிய வளைந்தார். “கோட்டை அழிச்சிட்டோம் தலைவரே. இங்கேருந்து பாலம் வரைக்கும்.”

“எதிர்க்கட்சிக் கோட்டையையா?” தலைவர் பூரித்துப்போய் இறங்கியே வந்துவிட்டார். சீட்டு கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் இருந்தது அண்ணாச்சிக்கு. அப்போது தலைவரின் பார்வை காரின்மேல் விழுந்தது.

“இது ஏன் இப்படி நடுங்குது?”

“உங்களைப் பார்த்துத்தான் தலைவரே,” என்றார் அண்ணாச்சி, பழக்கதோஷத்தில்.

தலைவருக்குக் கண் கலங்கியது. “நீங்கெல்லாம் நடிக்கிறீங்கய்யா. இத்தனை வருஷ அரசியல்ல, என்னைப் பார்த்து உண்மையா நடுங்கின ஒரே ஜீவன் இதுதான்.” கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி பானெட்டில் போட்டார். “இந்தத் தொகுதிக்கு இதுதான் வேட்பாளர்.”

தலைமை முடிவெடுத்தபின் பேச்சில்லை. அண்ணாச்சி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்சக்கரத்துக்கு எதிரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தங்கமுடி குனிந்து நம்பர் பிளேட்டை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“அண்ணாச்சி, இனிஷியல் டி.என்.னு இருக்கு. போஸ்டர்ல முழுப்பேரும் போட்டுரவா?”