மடத்துச் சமையற்கட்டில் சங்கம்

ஆற்றங்கரை மடத்து மேனேஜர் மாசிலாமணிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் நடந்தார். வழியில் படுத்திருந்த பூனைகூட இந்த ஆளோடு நமக்கென்ன என்று எழுந்து போய்விட்டது.

எல்லாம் பேப்பரில் வந்த செய்தியால்தான். மடமோ விடுதியோ, எங்கே சமைத்தாலும் சமைப்பவர்கள் தொழிலாளிகள்தானாம். அவர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாமாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாதாம். இப்படி ஒரு மசோதா சட்டசபைக்கு வரப்போகிறது. அது வருவதற்குள்ளேயே மடத்துச் சமையற்கட்டுப் பெண்கள் அத்தனை பேரும் சங்கத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

தலைமைச் சமையல்காரி பூமயிலுக்கு ஆள் அனுப்பினார். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

“சீக்கிரம் சொல்லுங்கய்யா, சாம்பார் கொதிக்குது.”

“சங்கம் கிங்கம்னு ஆரம்பிச்சது யாரு?”

“நான்தாங்கய்யா.”

“இது மடம்மா. நீங்க செய்யறது தொண்டு. தொண்டுக்குப் போய்ச் சங்கமா?”

“தொண்டுதாங்கய்யா. ஆனா பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் அடுப்பை விட்டு நகர முடியலையே. வாரத்துல ஒரு நாள் லீவு கேட்டேன். தனியாக் கேட்டா உங்க காதுல விழலை. சேர்ந்து கேட்டா விழுமேன்னுதான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு. அந்தச் சிரிப்பைத்தான் மாசிலாமணியால் தாங்க முடியவில்லை. நிற்கவைத்து அவளை வறுத்தெடுத்துவிட்டு, நேரே மடத்தம்மாவிடம் போனார்.

மடத்தம்மா ஞானாம்பிகை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவரையே குருவாக ஏற்று வந்தவர் மாசிலாமணி. அம்மா பூஜைக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, மசோதா இன்னும் சட்டமாகலை. ஆயிட்டா நம்ம கையில ஒண்ணும் இல்லை. பூமயிலை இன்னைக்குச் சாயங்காலமே அனுப்பிடலாமா?”

“நல்லாத்தானே சமைக்கிறா?”

“சமையலைச் சொல்லலைம்மா. இத்தனை வருஷத்துல அந்தச் சமையற்கட்டுல ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை. இவதான் முதல்ல வாயைத் திறந்தா. இந்த ஒரு வாயை மூடிட்டா மத்ததெல்லாம் தானா மூடிக்கும்.”

“யாரும் குறை சொல்லலைன்னா குறையே இல்லைன்னு அர்த்தமா?”

“பின்னே என்னம்மா?”

அம்மா நாரை அறுத்து முடிச்சுப் போட்டார்.

“பசிக்குது. சாப்பிட்டுட்டுச் சொல்றேன். நீங்களும் என் பக்கத்துல வந்து உக்காருங்க.”

அந்த மடத்துச் சாப்பாட்டுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. சாமிக்குப் படைக்கும்வரை சமைத்ததை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. படைத்துவிட்டால் அது பிரசாதம். இலையில் விழுந்ததைக் குறை சொல்லக் கூடாது.

மாசிலாமணி முதல் கவளத்தை வாயில் வைத்தார். உப்பு கரித்தது. கரித்தது என்றால் கொஞ்சநஞ்சமில்லை, நாக்கே மடங்கிப்போனது.

பந்தியைப் பார்த்தார். மண்டபம் நிறைய ஆட்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் செம்பு மட்டும் ஓயாமல் கைமாறியது. எதிர் வரிசையில் ஒரு குழந்தை “ம்மா, உப்...” என்று இழுக்க, தாய் சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள்.

மடத்தம்மாவும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சாம்பார் எப்படி இருக்கு?”

“பிரசாதம்மா. அதுக்கென்ன!”

“அப்படியா? பூமயிலு, ஐயாவுக்கு இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து.”

ஊற்றினாள். அவரும் பிசைந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லட்டுமா?”

“ஐயோ, உப்பும்மா! வாயில வைக்க முடியலை!” மாசிலாமணி கத்தியேவிட்டார்.

அவ்வளவுதான். மண்டபமே கலகலத்தது.

“ஆமாங்க, ஒரே கரிப்பு!”

“எனக்கு முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?”

“நீ சொன்னியா? மூச்சு விடாம முழுங்குனியே!”

பூமயில் கரண்டியும் கையுமாகத் திகைத்து நின்றாள். “எப்பவும் போடற அளவுதானே போட்டேன்...”

துணைக்குச் சமைக்கும் செல்லக்கிளி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அக்கா, மேனேஜர் ஐயா உங்களைக் கூப்பிட்டு நிக்க வச்சிருந்தாரே, அப்ப நான் போட்டுட்டேனே!”

“அடிப்பாவி, திரும்பி வந்து நானும் போட்டேனே!”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அம்மா எல்லோருக்கும் மோர் ஊற்றச் சொன்னார். அது உள்ளே போன பிறகுதான் மாசிலாமணியின் நாக்கு வழிக்கு வந்தது. மனசு வரவில்லை. இலை முன்னால் உட்கார்ந்தபடியே நெளிந்தார்.

“அம்மா, அந்தப் பூமயில் விஷயம்... சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லணும்.”

அம்மா இலையை மடித்தார்.

“இத்தனை வருஷத்துல இந்தப் பந்தியில முதல்ல வாயைத் திறந்தது நீங்கதான், மாசிலாமணி ஐயா. உங்களை அனுப்பிடட்டுமா?”