மேடையேறி வந்த தம்பி

ரொம்பச் சிரிக்காதீங்கடா, மைக்கப் பாத்தாலே கைதட்டுற ஆளுங்கதான நீங்களும்.

நல்லாம்பட்டியில வேட்பாளர் குணபாலன், "நீங்க எல்லாரும் என் கூடப்பொறந்த அக்காங்க"ன்னு உருகினாரு. அப்புறம் தட்டுல சூடத்த ஏத்தி, "தம்பிக்குத்தான் ஓட்டுன்னு அடிச்சு சத்தியம் பண்ணுங்க"ன்னாரு. சூடத்துல அடிச்சுட்டா, அப்புறம் மாத்திப் போட அந்த ஊர்ல யாருக்கும் மனசு வராது.

சித்தாள் வேலைக்குப் போற மயிலாத்தா முன்னால வந்துச்சு.

"பண்றேன் தம்பி. நாளைக்கு எம்மவளுக்குக் காதுகுத்து. தாய்மாமனா வந்து அவள மடியில வச்சுக்கங்க. அங்கயே அடிக்கிறேன்."

"நாளைக்கு வேற ஊர்ல கூட்டம் இருக்குக்கா."

"அங்கயும் அக்காங்கதானா தம்பி?"

கூட்டமே சிரிச்சுச்சு. அதுக்குள்ள சூடம் அணைஞ்சு போச்சு.

அந்தப் பேச்ச எழுதிக் குடுத்தது நான்தான்டா. அக்கான்னு கூப்பிட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் எழுதினேன்.