அரை மணி இழுவை

இது நான் கண்டதல்ல. மீன்வள ஆய்வுக் கப்பலொன்றில் வலை இழுத்தவர் சொல்லக் கேட்டது.

கடலில் பன்னிரண்டாம் நாள், எல்லோரும் ஓய்ந்துபோயிருந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் வலை இழுத்து, விழும் மீனை எடைபோட்டுத்தான் கடலில் மீன் எவ்வளவு என்று மதிப்பிடுவார்கள். மீன் அதிகம் விழவேயில்லை.

"ரெண்டு மணி நேரம் இழுங்க. அரை மணின்னு எழுதுங்க" என்றார் தலைமை ஆய்வாளர் நாகேந்திரன்.

மீன் பெருகியதாகக் காட்டினால் பெரிய விசைப்படகுகளுக்குக் கரையோரம் வர அனுமதி கிடைத்துவிடும். சமையல்காரர் கஸ்பாரின் தம்பி அங்கேதான் சின்ன வள்ளம் ஓட்டிப் பிழைக்கிறான்.

வலை இறங்கும்போதே நாகேந்திரன் சோறு கேட்டார்.

"அரை மணியில தாரேன் ஐயா" என்றார் கஸ்பார்.

வலை ஏறிய பிறகும் சோறு வரவில்லை. வாந்தி மயக்கத்தில் படுத்திருந்த மேற்பார்வை அதிகாரி அம்மாள் அப்போதுதான் சாப்பிட எழுந்து வந்தார். அவர் முன்னாலேயே நாகேந்திரன் கத்தினார்:

"வலை இறங்கினப்போ கேட்டதுய்யா! ரெண்டு மணி நேரமாச்சு!"

"பதிவேட்டுல அரை மணிதானே ஐயா போட்டிருக்கு" என்றார் கஸ்பார், அலுப்போடு.

அம்மாள் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்.

பிறகு அதை நான் தேடிப் பார்த்தேன். அந்த இழுவையின் பதிவு கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் மறுபடி இழுத்த அரை மணிக்கு, பதினொரு கிலோ என்றிருந்தது.