பராங்குசம் கட்டிய தெப்பக்குளம்

ராஜா காலத்தில் ஏது கான்கிரீட்டு, ஏது சக்கரப் பலகை என்று யாரும் குறுக்கே கேட்கக் கூடாது. கேட்கிறவர்கள் எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. மேலைக்கரை நாட்டில் அதெல்லாம் இருந்தது. அந்த நாட்டு ஆனைமுத்து மகாராஜாவுக்கு ஒரே மகள், மங்கைநாச்சி. நாலு சக்கரம் வைத்த பலகைமேல் ஏறி நின்று, சரிவில் சர்ரென்று இறங்கி எதிர்ச்சரிவில் ஏறுவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மகளுக்காக ராஜா ஊருக்கு ஊர் ஸ்கேட்டிங் மைதானம் கட்டவைத்தார்.

மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்லும் உத்தியோகம் உலகம்மைக்கு. ஒருகாலத்தில் தானும் பலகை ஓட்டி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டவள். வாய் மட்டும் முறியவில்லை. அவள் சான்று கொடுக்காமல் எந்த மைதானத்தையும் திறக்கக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம்.

கட்டுகிற பொறுப்பு யாரிடம் இருந்தது தெரியுமா? ராணியின் தம்பி பராங்குசத்திடம். அந்த மனுஷன் ஜென்மத்தில் ஒரு பலகைமேல் கால் வைத்ததில்லை. போன வருஷம் அவர் கட்டிய மைதானத்தைப் பார்த்துவிட்டு, இங்கே நெல் காயப்போடலாம் என்று உலகம்மை சபையிலேயே சொல்லிவிட்டாள். பராங்குசத்துக்கு மூக்குடைந்து போயிற்று. நேரே அக்காவிடம் போய் மூக்கைச் சிந்தினார். ராணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ராஜா ஓர் உத்தரவு போட்டார். பராங்குசம் கட்டும் புது மைதானத்தைப் பற்றி யார் ஒரு குறை சொன்னாலும், அவர் அன்றைக்கே நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.

வெள்ளிக்கிழமை தலைநகரில் அந்தப் புது மைதானத்துக்குத் திறப்பு விழா. முதலில் இறங்கப் போகிறவள் மங்கைநாச்சி.

வியாழன் காலை உலகம்மை போய்ப் பார்த்தாள். தரை, அப்போதுதான் கொத்திய அம்மி மாதிரி சொரசொரத்தது. சரிவில் வேகமாக இறங்கி வருகிறவர்கள் நிமிரவேண்டிய இடத்தில், நட்டநடுவே, பராங்குசத்தின் பெயர் பொறித்த கல்வெட்டு. அதுவும் ஆளுயரத்துக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில் ஒரு பெரிய கிண்ணப் பள்ளம். கிண்ணமென்றால் ஓரம் மெல்ல மெல்ல வளைந்து ஏறவேண்டும். இது கிணற்றுச் சுவர்போல நின்றது. வாஸ்து பார்த்து ஈசானிய மூலையைத் தாழ்த்தியிருந்தார். தண்ணீர் வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம், அதனால் வடிகாலுக்கு ஓர் ஓட்டைகூட விடவில்லை. போன வாரத்து மழை அப்படியே கிடந்தது, அதில் இரண்டு தவளைகள் குடியேறியிருந்தன.

எப்படி அம்மா இருக்கிறது என்று பராங்குசம் இளித்துக்கொண்டே கேட்டார். உலகம்மை பல்லைக் கடித்துக்கொண்டாள். குறை சொன்னால் இவளை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு வேறு யாரிடமாவது சான்று வாங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்தப் பெண்ணின் கழுத்து முறியும். ஆறு வயசிலிருந்து அவள் ஓட்டுவதைப் பார்த்தவள் உலகம்மை.

மத்தியானம் சபை கூடியது. ராஜா தீர்ப்பைக் கேட்டார்.

"குறை சொல்ல ஒன்றுமில்லை மகாராஜா," என்றாள் உலகம்மை. "நம் நாட்டில் இதுமாதிரி ஒரு தெப்பக்குளம் கிடையாது."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். உலகம்மை புகழ்ந்து தள்ளினாள். சாஸ்திரப்படி ஈசானியத்தில் நீர் நிற்கிறது, ஒரு சொட்டு வெளியேறாது, ஈரக்கால் வைத்தாலும் வழுக்காத தரை, தெப்பத்தின் வடத்தைக் கட்ட ஆளுயரத்துக்குக் கல் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவள் சொன்னதில் ஒன்றாவது பொய்யா? இல்லை.

ராஜாவுக்கோ தலைநகரில் தெப்பக்குளம் இல்லையே என்று வெகுநாள் ஏக்கம். மைதானம் எதற்குக் கட்டினோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. விளிம்புவரை வாய்க்கால் நீரை நிரப்புங்கள், நாளைக்கே தெப்பம் விடலாம் என்று உத்தரவிட்டார். முதல் தெப்பத்தில் தானும் ராணியும் ஏறுவோம், கட்டிய மச்சானுக்கு முன்வரிசை என்றார். ராணிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

பராங்குசத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அது குளமில்லையே என்று மென்று விழுங்கினார். பின்னே தண்ணீர் நிற்கிறதே என்றார் ராஜா. நிற்கக் கூடாதுதான், அது கட்டும்போது நேர்ந்த பிசகு என்று பராங்குசம் முனகினார்.

உலகம்மை காதைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நல்ல கட்டடத்தைப் பற்றி இப்படியெல்லாம் கேட்க முடியவில்லை, அந்தச் சுவர் கடலையே தாங்குமே என்றாள்.

"எந்தச் சுவர்?" பராங்குசத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "உள்ளே கம்பியே போடவில்லை அம்மா. இடுப்பளவு தண்ணீர் நின்றால் பிளந்துகொண்டு போய்விடும். அத்தான், நான் ஏறமாட்டேன். அக்காவையும் ஏற்றாதீர்கள்."

ராஜா மெதுவாகக் கேட்டார்: "கம்பியில்லாத சுவரில்தான் என் மகளை இறக்கப் பார்த்தாயா?"

ராணி தம்பியைப் பார்க்கவே இல்லை. உத்தரவுப்படி குறை சொன்னவர் கிளம்பவேண்டியதுதான் என்று ராஜா தீர்த்துச் சொல்லிவிட்டார். பராங்குசம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது, என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். ராஜா உலகம்மையின் பக்கம் திரும்பினார்.

"வடக்கே போகட்டும் மகாராஜா," என்றாள் அவள். "நம்மேல் படையெடுக்கப் போகிறேன் என்று குதிக்கிறாரே அந்த ராஜா, அவர் புதுசாக ஒரு கோட்டை கட்ட ஆள் தேடுகிறாராம்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. சிரித்து ஓய்ந்ததும் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உலகம்மைக்குக் கொடுத்தார். பிறகு ஓலையும் எழுத்தாணியும் கொண்டுவரச் சொல்லி, மச்சானைப் போல ஒரு கட்டடக்காரன் உலகத்திலேயே கிடையாது என்று வடக்கத்தி ராஜாவுக்குத் தன் கைப்படவே சிபாரிசு எழுதினார்.