ஆமை வரும் வரை பொறு

ஒரு காட்டில் மான்கள் தலை நிமிராமலே புல் மேய்ந்தன. தலை நிமிராமல் மேயும் மானை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா, குழந்தைகளே? அந்தக் காட்டில் பார்க்கலாம். புல்வெளியின் நடுவே ஒரு மருதமரம் நின்றது. அதன் உச்சிக் கிளையில் கடுவன் என்ற குரங்கு காவல் இருந்தது. அதுதான் காரணம்.

கடுவனுக்குக் கூர்மையான கண். அதைவிடப் பெரிது அதன் குரல். தூரத்துப் புதரில் சிறுத்தையின் வால்நுனி ஆடினாலே போதும், "கெக்! கெக்! கெக்கே!" என்று காடு அதிரக் கத்தும். மறுகணம் மான்கள் ஓடையைத் தாண்டி அக்கரையில் நிற்கும். சிறுத்தை வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்.

சிறுத்தைக்குப் பட்டினி என்றால் நரிக்கும் பட்டினி. சிறுத்தை தின்று மீந்ததைத் தின்றே உடம்பு வளர்த்த நரி அது.

"இந்தக் குரங்கின் தொண்டை அடைத்துவிட்டால் நமக்குத் தினமும் விருந்துதான்," என்று நரி நினைத்தது.

காட்டோரத்தில் மூங்கில் வெட்டுபவர்கள் ஓலைக் கூரையின் கீழே கல்லடுப்பு ஒன்று வைத்திருந்தார்கள். காலையில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு மூங்கில் தோப்புக்குப் போய்விடுவார்கள். அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு மட்டும் கனன்றுகொண்டிருக்கும். பக்கத்தில் அவர்கள் தவறவிட்ட பீடிகள் கிடக்கும். நரி அவற்றில் ஒன்றைக் கவ்வி எடுத்துக்கொண்டு கடுவனைத் தேடி வந்தது.

"கடுவா, நாள் முழுக்கக் கிளையிலேயே உட்கார்ந்திருக்கிறாயே, அலுப்பாக இல்லையா?"

"அலுப்புத்தான். என்ன செய்வது?"

"மனிதர்கள் அலுப்புத் தீர இதைத்தான் பிடிக்கிறார்கள். ஒன்றே ஒன்று பிடித்துப் பார்."

கடுவன் அடுப்புக்குப் போய்ப் பீடியைக் கங்கில் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்தது. கண்ணில் நீர் கொட்டியது. நெஞ்சு எரிந்தது.

"சீ! இதையா பிடிக்கிறார்கள்?"

"முதலில் அப்படித்தான் இருக்கும்," என்றது நரி. "நீ மனிதனுக்குச் சொந்தக்காரன் ஆயிற்றே. அவனால் முடிந்தது உன்னால் முடியாதா?"

இந்தப் புகழ்ச்சி கடுவனுக்கு இனித்தது. மறுநாள் இன்னொன்று பிடித்தது. அதற்கு மறுநாள் இரண்டு. ஒரு மாதத்தில், பீடி இல்லாமல் பொழுதே போகாது என்று ஆகிவிட்டது. நரி கொண்டுவருவது போதாமல், தானே அடுப்படிக்குப் போய்ப் பொறுக்கவும் தொடங்கியது.

பிறகு இருமல் வந்தது. "லொக்! லொக்!" என்று மரத்தின் மேலிருந்து சத்தம் கேட்கும். மான்கள் பதறி ஓடும்.

"எங்கே சிறுத்தை?" என்று ஓடையின் அக்கரையிலிருந்து கேட்கும்.

"சிறுத்தை இல்லை. லொக்! இருமல்தான். லொக்!"

இப்படிப் பத்துத் தடவை ஓடின. பதினோராவது தடவை எந்த மானும் ஓடவில்லை.

அந்தப் பதினோராவது தடவை சிறுத்தை உண்மையாகவே வந்துவிட்டது! கடுவன் அதைப் பார்த்தது. மூச்சை இழுத்தது. கத்த வாயைத் திறந்தது. "லொக்! லொக்! லொக்!" என்று இருமல்தான் வந்தது.

"அண்ணனுக்கு இன்று இருமல் அதிகம்போல," என்று சொல்லிக்கொண்டே செவ்வி என்ற பெண்மான் அடுத்த வாய்ப் புல்லைக் கடித்தது. அந்த நொடியில் சிறுத்தை பாய்ந்தது. செவ்வி துள்ளித் தப்பியது. ஆனால் அதன் பின்தொடையில் சிறுத்தையின் நகம் ஆழமாகக் கீறிவிட்டது.

செவ்வி நொண்டி நொண்டி ஓடையைக் கடப்பதைக் கடுவன் மரத்தின் மேலிருந்து பார்த்தது. அதற்கு உடம்பெல்லாம் கூசியது.

"இன்றோடு விட்டேன்! இனிமேல் பீடியைத் தொட்டால் நான் குரங்கே இல்லை!" என்று எல்லோரும் கேட்கச் சபதம் போட்டது.

அடுத்த நாள் உச்சிவேளை வரை சபதம் நின்றது. அதன்பின் வாய் ஊறியது, கிளையில் இருப்புக் கொள்ளவில்லை. யாருக்கும் தெரியாமல் அடுப்படிக்குப் போய் ஒன்றைப் பற்றவைத்தது. ஆனால் மூங்கில் மேலிருந்த மைனா பார்த்துவிட்டது. மைனா பார்த்தால் காடே பார்த்த மாதிரிதான்.

அன்று மாலை மிருகங்கள் எல்லாம் மருதமரத்தடியில் கூடின.

"வாக்குத் தவறியவனுக்கு இங்கே என்ன வேலை? துரத்துங்கள்!" என்று முள்ளம்பன்றி சிலிர்த்தது.

"துரத்தினால் வேறு காட்டில் போய்ப் பிடிக்கும். அவ்வளவுதானே?" என்றது அணில்.

செவ்வி நொண்டிக்கொண்டே முன்னால் வந்தது. "அடிபட்டவள் நான். நான் கேட்கிறேன். கடுவன் அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள். விட வேண்டும் என்று நினைக்கிறீர்களா?"

கடுவன் தலையைக் குனிந்துகொண்டது. "நினைக்கிறேன் தங்கச்சி. காலையில் எழும்போதெல்லாம் நினைக்கிறேன். ஆசை வரும்போது மட்டும் அந்த நினைப்பு எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. தனியாக என்னால் முடியவில்லை."

"அப்படியானால் தனியாக ஏன் விட வேண்டும்? நாங்கள் இருக்கிறோமே!" என்றது செவ்வி.

முள்ளம்பன்றியின் முட்கள் மெல்லத் தாழ்ந்தன.

அப்போது குளத்து ஆமை தொண்டையைச் செருமியது. "எனக்குத் தெரிந்த ஒரே வேலை மெதுவாக நடப்பது. அது உதவுமா என்று பார்ப்போம். கடுவா, ஆசை வந்தால் அடக்காதே. என்னைக் கூப்பிட்டு அனுப்பு. நான் வந்து சேர்ந்த பிறகு நீ தாராளமாகப் பிடிக்கலாம். நான் வரும் வரை மட்டும் பொறு. சம்மதமா?"

"இவ்வளவுதானா?" என்றது கடுவன். "சம்மதம்."

மறுநாள் உச்சிவேளையில் ஆசை வந்தது. கடுவன் மைனாவை அனுப்பியது. ஆமை குளத்திலிருந்து ஏறி நடக்கத் தொடங்கியது. கடுவன் அடுப்பருகே குந்தி, கையில் பீடியோடு காத்திருந்தது.

மைனா அங்குமிங்கும் பறந்து செய்தி சொன்னது. "ஆமை கரையேறிவிட்டது!" கடுவன் நகத்தைக் கடித்தது. "ஆமை நாணலைத் தாண்டிவிட்டது!" கடுவன் முதுகைச் சொறிந்தது. "ஆமை ஒரு கல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது!" கடுவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அணில் ஒரு நெல்லிக்காயைக் கொண்டுவந்து நீட்டியது. "வாய் சும்மா இருந்தால்தானே கேட்கும்? இதைக் கடியுங்கள், அண்ணா." செவ்வி வந்து பக்கத்தில் படுத்தது. முள்ளம்பன்றிகூட வந்து, தான் ஒருமுறை தன் முட்களோடு பலாப்பழக் குவியலில் உருண்டு விழுந்த கதையைச் சொன்னது. கடுவன் நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டே கதை கேட்டது.

கடைசியில் ஆமை மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. "வந்துவிட்டேன்!"

"வாருங்கள் மாமா! என்ன இவ்வளவு தூரம்?" என்றது கடுவன்.

"என்ன தூரமா? நீதானே கூப்பிட்டாய்!"

கடுவன் கையைப் பார்த்தது. பீடியை எப்போது கீழே போட்டது என்றே அதற்கு நினைவில்லை. வந்த ஆசை, ஆமை வருவதற்குள் போய்விட்டிருந்தது!

இப்படியே ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் அடைமழை. மைனா கூட்டைவிட்டு வரவில்லை. மழை விட்டதும் கடுவன் காத்திராமல் ஒன்றைப் பிடித்துவிட்டது. பிறகு தானே போய்ச் செவ்வியிடம் சொன்னது.

"எல்லாம் பாழாய்ப் போயிற்று, தங்கச்சி. நான் எதற்கும் லாயக்கில்லை."

"அண்ணா, ஒரு கிளை கை நழுவினால் என்ன செய்வீர்கள்?"

"அடுத்த கிளையைப் பிடிப்பேன்."

"மரமே வேண்டாம் என்று இறங்கிவிட மாட்டீர்களே? இதுவும் அப்படித்தான். நாளைக்கு மழை பெய்தால் நாங்களே வந்துவிடுகிறோம்."

நாட்கள் போகப் போக இருமல் குறைந்தது. நரிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. புதருக்குள் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் கவனித்தது. "ஓஹோ, ஆமை வந்தால் பிடிக்கலாம் என்பதுதானே பேச்சு? சரி, ஆமையைச் சீக்கிரம் வரவைக்கிறேன்!"

அடுத்த முறை ஆசை வந்து மைனா பறந்ததும், நரி குளத்தங்கரைக்கு ஓடியது. ஆமையை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு நாலு கால் பாய்ச்சலில் வந்து, கடுவனின் முன்னால் பொத்தென்று இறக்கியது. அணில் நெல்லிக்காய் பறித்துக்கூட முடிக்கவில்லை.

"இதோ, ஆமை வந்துவிட்டது!" என்றது நரி மூச்சிரைக்க. "பேச்சு பேச்சுத்தான். இந்தா, நல்ல பீடியாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். பற்றவை!"

கடுவனின் கை நீண்டது. ஆசை அப்போதுதான் வந்திருந்தது, உச்சத்தில் இருந்தது. பீடி அதன் கைக்கு வந்துவிட்டது. கை அடுப்புப் பக்கம் போனது. ஓடிவந்த செவ்வி அப்படியே நின்றுவிட்டது. கடுவன் ஆமையைப் பார்த்தது.

ஆமை சட்டென்று தலையையும் நாலு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"மாமா?" என்றது கடுவன்.

ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாரைக் கூப்பிடுகிறாய்? இங்கே ஓடு மட்டும்தான் வந்திருக்கிறது. நான் இன்னும் வந்து சேரவில்லை."

"பொய்! பொய்!" என்று நரி குதித்தது. ஓட்டைத் தட்டியது. ஓட்டின் இடுக்கில் மூக்கை நுழைத்தது. "வெளியே வா! வந்துவிட்டேன் என்று சொல்!"

"வந்துகொண்டே இருக்கிறேன்," என்றது ஓடு. "இப்போதுதான் நாணலைத் தாண்டுகிறேன். அடடா, ஒரு கல்!"

கடுவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டு புரண்டு சிரித்தது. செவ்வியும் அணிலும் சிரித்தன. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, கடுவனின் கையிலிருந்த பீடி கசங்கித் தூளாகியிருந்தது. ஆசையும் போய்விட்டிருந்தது.

அப்போதுதான் அதற்கு ஒன்று தோன்றியது. "நரியே, நான் புகைபிடிக்க வேண்டும் என்று உனக்கு ஏன் இவ்வளவு அவசரம்?"

நரி மெல்லப் புதர்ப் பக்கம் நகரப் பார்த்தது.

"நான் சொல்கிறேன்," என்றது செவ்வி. "உங்கள் குரல் போனால் எங்கள் உயிர் போகும். எங்கள் உயிர் போனால் இதன் வயிறு நிறையும்."

முள்ளம்பன்றி முட்களை விரித்துக்கொண்டு இரண்டடி எடுத்து வைத்தது. நரி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

கோடை முடிந்து புது மழையில் புல் முளைத்த சமயம். செவ்வியின் காயம் ஆறியிருந்தது. ஒரு காலையில் சிறுத்தை மறுபடி வந்தது. நாணலுக்குள் வயிறு தரையில் தேய ஊர்ந்தது. மேய்ந்துகொண்டிருந்த மான்களுக்குத் தெரியவில்லை. மருதமரத்து உச்சியில் இருந்த கடுவனுக்குத் தெரிந்தது.

மூச்சை இழுத்தது. நெஞ்சு நிறைய இழுத்தது. இருமல் வரவில்லை.

"கெக்! கெக்! கெக்கே!"

ஒரு மான்கூட "இருமலா?" என்று கேட்கவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லா மான்களும் அக்கரையில் நின்றன. முதலில் நின்றது செவ்வி. சிறுத்தை மரத்தை அண்ணாந்து பார்த்து ஓர் உறுமல் உறுமிவிட்டு, அடுத்த மலைக்கு நடையைக் கட்டியது. நரியும் அதன் பின்னாலேயே போனது.

சாயங்காலம் ஆமை மெல்ல மெல்ல மருதமரத்தடிக்கு வந்து சேர்ந்தது.

"நான் கூப்பிடவில்லையே, மாமா!" என்றது கடுவன்.

"நீ கூப்பிட்டு வரவில்லை. காலையில் குளத்துக்குள் முங்கிக் கிடந்தேன். உன் குரல் தண்ணீருக்கடியில் வந்து கேட்டது. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்."

கடுவன் கிடுகிடுவென்று இறங்கிவந்து, ஆமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தது. செவ்வியும் அணிலும் முள்ளம்பன்றியும் கூடவே நடந்தன. மைனா முன்னால் பறந்து வழியெல்லாம் செய்தி சொல்லிக்கொண்டே போனது.

நீதி: கெட்ட பழக்கத்தை விட நினைப்பவரை ஏசித் துரத்தாதே, கூட நில். தனியாகத் தடுமாறும் மனம் துணை இருந்தால் வெல்லும்.