சொல்லிவிட்டு ஏமாற்றியவர்

வெண்பாறைக்கோட்டையை வேங்கைமாறன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தபோது நடந்தது இது. ராஜா நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் வந்து பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சரியென்று படும்.

அந்தக் கோட்டைக்கு ஆவுடைநாதன் என்று ஒரு செப்படி வித்தைக்காரர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு. சாப்பிடும்போதுகூட அவருடைய இடது கை சும்மா இருக்காது. ஒரு புளியங்கொட்டை விரலுக்கு விரல் தாவிக்கொண்டே இருக்கும். அதை ஒழுங்காக மறைக்கப் பழகவே மூன்று வருஷம் ஆயிற்றாம்.

"மறைக்கிறது பெரிய காரியம் இல்லை. அது காணாமல் போனதும், பார்க்கிறவர்கள் வாய் பிளந்து ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்களே, அதற்காகத்தான் இவ்வளவு பாடு" என்பார்.

ராஜா அவரைச் சபைக்கு அழைத்தார். ஆவுடைநாதன் நடுவில் வந்து நின்று கும்பிட்டார்.

"மகாராஜா, இப்போது உங்களை ஏமாற்றப் போகிறேன். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்."

ராஜா கண்ணை அகல விரித்துக்கொண்டார். வித்தைக்காரர் ராஜாவின் மோதிரத்தை வாங்கி, உள்ளங்கையில் வைத்து மூடினார். திறந்தால் மோதிரம் இல்லை. சபை முழுக்கத் தேடி, கடைசியில் அது தளபதியின் தலைப்பாகை மடிப்பிலிருந்து வந்தது. சிரித்தே அறியாத தளபதி அன்று சிரித்தார். அடுத்து வித்தைக்காரர் வெறுங்கையை விரித்துக் காட்டி, அதிலிருந்தே பிடிபிடியாகக் குங்குமம் கொட்டினார்.

"இது தெய்வ சக்தியா?" என்று ராஜா கேட்டார்.

"இல்லை மகாராஜா. விரல் வேலை."

அந்த இரண்டு வார்த்தையில் ஒருவருடைய முகம் மட்டும் கறுத்துப் போயிற்று. அவர் ராஜ ஜோதிடர் அனந்தகோபாலர். பத்து வருஷமாக, வருஷப் பிறப்பு தவறாமல் வெறுங்கையிலிருந்து குங்குமம் வரவழைத்து, "அம்பாள் அனுப்பினாள்" என்று ராஜாவின் நெற்றியில் வைத்துவருகிறவர் அவர்தான்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக ஜோதிடர் ராஜாவிடம் போனார்.

"ராஜாவை ஏமாற்றுகிறவனுடைய கையை வெட்ட வேண்டும் என்பது உங்கள் பாட்டனார் போட்ட சட்டம். நேற்று அவன் உங்களைச் சபை நடுவில் ஏமாற்றினான். விரல் வேலை என்று அவனே ஒப்புக்கொண்டான். இதை விட்டுவிட்டால் நாளைக்கு எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிடும்."

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பாட்டனார் சட்டம். வித்தைக்காரரைச் சபைக்குக் கூப்பிட்டனுப்பி, சட்டத்தைச் சொன்னார்.

"உனக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்" என்றார் ராஜா. "நேற்று செய்ததெல்லாம் தெய்வ சக்தி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஏமாற்று இல்லை என்று ஆகிவிடும். நீ பாட்டுக்குப் போகலாம்."

ஜோதிடர் தாடியை நீவிக்கொண்டார். எப்படிப் போனாலும் அவருக்கு லாபம்.

ஆவுடைநாதன் தம் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவருடைய இடது கை அசையாமல் தொங்கியது.

"இந்தக் கை போனால் எனக்கு வேறு எதுவும் தெரியாது மகாராஜா. ஆனால் தெய்வம் செய்தது என்று சொன்னால், இருபது வருஷம் இந்த விரல்கள் உழைத்ததே இல்லை என்று ஆகிவிடும். ஜனங்களும் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எப்படிச் செய்தான் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போக மாட்டார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது."

தீர்ப்பு எழுதுகிற மருதையன் எழுத்தாணியை எடுத்தார். எடுத்தவர் எழுதாமல் தொண்டையைக் கனைத்தார்.

"மகாராஜா, தீர்ப்பை எழுதுவதற்கு முன்னால் குற்றத்தை எழுத வேண்டும். இரண்டொரு விஷயம் கேட்டுக்கொள்ளலாமா?"

"கேளும்."

"வித்தை காட்டுவதற்கு முன்னால் இவர் உங்களிடம் என்ன சொன்னார்?"

"ஏமாற்றப் போகிறேன் என்று சொன்னான்."

"சொன்னபடி ஏமாற்றினாரா?"

"ஏமாற்றினான்."

"முழுசாகவா, அரைகுறையாகவா?"

"முழுசாகத்தான். மோதிரம் தளபதி தலையில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை."

மருதையன் எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் எனக்கு எழுத எதுவும் இல்லை மகாராஜா. உங்களிடம் ஒன்றைச் சொன்னார், சொன்னதை அப்படியே செய்தார். ஏமாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மோதிரத்தை மறைக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தால், அப்போதுதான் இவர் உங்களை ஏமாற்றியவர். அந்தக் குற்றத்தை இவர் செய்யவில்லை."

ராஜா யோசித்தார். மீசை துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது வெறும் வார்த்தை விளையாட்டு" என்றார் ஜோதிடர். "சட்டத்தில் இப்படி ஒரு விலக்கு எங்கே இருக்கிறது?"

"இல்லைதான் ஐயா" என்றார் மருதையன். "மகாராஜா சேர்த்தால் இருக்கும்."

"சேர்த்துக்கொள்ளும்" என்றார் ராஜா. "இனிமேல் என்னை ஏமாற்றப் போகிறவர் யாரானாலும், இந்த வித்தைக்காரரைப் போல முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் குற்றமில்லை. சொல்லாமல் செய்தால் கை போகும்."

ஆவுடைநாதனுக்குப் பட்டுச் சால்வையும், மாதம் ஒருநாள் பெரிய மண்டபத்தில் வித்தை காட்டும் உரிமையும் கிடைத்தன. வேறு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"மண்டபத்தில் எனக்குப் பக்கவாட்டில் மட்டும் யாரையும் உட்கார வைக்காதீர்கள் மகாராஜா. எதிரே எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும்."

பிறகு வழக்கமான அலுவல் தொடங்கியது. தினமும் முதலில் ஜோதிடர் எழுந்து அன்றைய பலன் சொல்வது வழக்கம். அனந்தகோபாலர் எழுந்தார். சுவடியைப் பிரித்தார். வாயைத் திறந்தார்.

ராஜா கையைக் காட்டி நிறுத்தினார். "கொஞ்சம் இரும், ஜோதிடரே. புதுச் சட்டப்படி முன்னாலேயே சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், அதைச் சொல்லிவிட்டு ஆரம்பியும்."

ஜோதிடர் சுவடியைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். பிறகு சுவடியை மெதுவாகக் கட்டி வைத்துவிட்டு, "இன்றைக்குத் தொண்டை சரியில்லை மகாராஜா" என்று உட்கார்ந்துவிட்டார்.