பிரபு ஊற்றிய கிண்ணம்

ஜப்பானில் ஒரு பனிமலை நாடு. அதை ஆண்ட பிரபு நொரிமுனேவுக்கு ஆணை போடுவதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. போன வருஷம் அரிசி மதுவான சாக்கே மட்டமாகப் போய்விட்டது. அதை விருந்தாளிகள் தலையில் கட்ட, "நான் ஊற்றியதை மறுப்பவன் தலை போகும்!" என்று ஆணை போட்டார்.

இந்த வருஷமோ சாக்கே அமிர்தமாக அமைந்துவிட்டது. தலைமைப் பக்குவக்காரன் இவாசோவும் அவன் ஆட்களும் அரிசியைப் பாதிக்கு மேல் தீட்டித் தள்ளி, நடுவிலிருக்கும் முத்தை மட்டும் எடுத்து, குளிர்காலம் முழுக்கப் புளிக்கவைத்திருந்தார்கள். ஒரு பழம்கூடப் போடவில்லை. ஆனாலும் பீப்பாயைத் திறந்ததும் பேரிக்காய் வாசம் ஆளைத் தூக்கியது.

பிரபு புது ஆணை போட்டார். "என்னைத் தவிர இதில் ஒரு சொட்டு குடிப்பவன் தலை போகும்!"

இவாசோ, அவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன கின்பெய்யிடம் ஓடினான். "செஞ்சவங்களுக்கு முதல் கிண்ணம் தர்றது வழக்கம் ஐயா. என் ஆளுங்க பனியில கை மரத்துப்போய் உழைச்சாங்க. ஒரு வாய் ருசி பாக்காம ஊருக்குப் போகணுமா?"

கின்பெய்க்கு வயிறு எரிந்தது. நாக்கிலும் கொஞ்சம் எச்சில் ஊறியது, மறைப்பானேன்!

விருந்தில் அவன் எழுந்தான். "பிரபு, தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வது நம் வழக்கமில்லையே. செய்தவனே ஊற்றட்டுமா?"

"ஊற்றட்டும். ஊற்றுவதோடு சரி!"

இவாசோ ஊற்றினான். ஊற்றியவருக்குத் திருப்பி ஊற்றுவது அந்த நாட்டில் எல்லோருக்கும் கையோடு பிறந்த பழக்கம். பிரபுவின் கை தானாகக் குடுவையை எடுத்தது. இவாசோ முன்னால் கின்பெய் நைசாக வைத்திருந்த காலிக் கிண்ணத்தை நிரப்பியும் விட்டது.

"குடிக்காதே, தலை போகும்!" என்று அலறினார் அமைச்சர்.

"குடிக்காவிட்டாலும் போகுமே," என்றான் கின்பெய். "ஊற்றியது பிரபு ஆயிற்றே! பாவம், இவனிடம் இருப்பது ஒரே தலை. அதைப் போன வருஷத்து ஆணைக்குக் கொடுப்பதா, இந்த வருஷத்து ஆணைக்கா என்று பிரபுவே சொல்லட்டும்."

பிரபு இவாசோவின் கிண்ணத்தைப் பார்த்தார். கையிலிருந்த குடுவையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "குடித்துத் தொலை!"

கின்பெய் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வெளியே இவாசோவின் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். "இவர்களும் பிரபுவுக்கு ஆளுக்கொரு கிண்ணம் ஊற்ற ஆசைப்படுகிறார்கள்."

"அடப்பாவி! வரிசையில் கடைசி ஆள் யார்?"

"அடியேன்தான், பிரபு. ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருக்கும். எனக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கள்."